பின்னாடி வருகிறவர்

சனிக்கிழமை. மாலை ஐந்து மணி பத்து நிமிடம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என்செனாடா ஊரிலிருந்து கப்பல் நிற்கும் இடம் வரை ஒரு நீளமான துறைச்சாலை. ஒரு பக்கம் கரும்பாறை, மறுபக்கம் கட்டிப்போட்ட மீன்படகுகள். காலையில் அதில் ஆயிரம் பேர் தொப்பியும் கேமராவுமாகப் போவார்கள். மாலை ஐந்துக்கு மேல் ஈ காக்காய் இருக்காது. ஐந்தரைக்குள் எல்லாரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

அந்தச் சாலையில் டாரிங்கா தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கடலிலிருந்து மூடுபனி ஏறி விட்டது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பாறையில் அலை மோதும் சத்தம்... அழுகின பாசி வாசனை... எங்கேயோ ஒரு கடல்சிங்கம் இருமுவது மாதிரிக் குரைத்தது.

அப்புறம் இன்னொரு சத்தம். அவளுக்குப் பின்னால்.

டப்... சர்ர்... க்ளிக்.

டப்... சர்ர்... க்ளிக்.

ஒரு கால் ஊன்றுகிறது. ஒரு கால் தேய்கிறது. முழங்கால் பட்டையின் இரும்புக் கீல் மடங்கி நிமிர்கிறது. அந்தச் சத்தத்தை டாரிங்காவுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அது யாருடைய கால் என்றும் தெரியும்.

அந்தக் காலை அவள் மண்ணுக்குள் வைத்து எட்டு வாரம் ஆகியிருந்தது.

பொறுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். பெப்பா, அந்த நாற்காலி வேண்டாம். அதற்குப் பக்கத்தில் இருக்கிறதும் வேண்டாம். இப்படிக் கணப்போரம் வந்து உட்கார். மிலேன், பெரிய விளக்கை அணைத்துவிடு, கண் கூசுகிறது. வெள்ளிக்கிழமை நாம் ஒன்பது பேரும் அதே கப்பல் வழியில் போகிறோம். மூன்று ராத்திரி, போய்விட்டுத் திரும்புவது. போவதற்கு முன்னால் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டாரிங்கா யுரிசிச் நம் ஸோர்காவின் அக்கா. ஸோர்கா இதோ இருக்கிறாள். எங்கேயாவது தவறினால் திருத்துவாள்.

டாரிங்காவின் வீட்டுக்காரர் நிக்ஷா. நம் சான் பெட்ரோ துறைமுகத்தில் நாற்பது வருடம் கிரேன் என்கிற பளுதூக்கி ஓட்டியவர். வானத்தில் தொங்குகிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு ஏணியில் ஏறி இறங்கியே முழங்கால் போனது. நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, எதற்கும் நேரத்துக்கு வரமாட்டார். கல்யாணமோ, சாவோ, பூசையோ, டாரிங்கா முன்னால் போய் இடம்பிடித்து உட்காருவாள். "நிக்ஷா எங்கே?" என்று கேட்பார்கள். "பின்னாடியே வர்றார்" என்பாள். கால் மணி கழித்து, மூட்டுத் தைல வாசனை முதலில் வரும், அப்புறம் அந்த க்ளிக், அப்புறம்தான் மனிதர் வருவார்.

"நாப்பத்தோரு வருஷமா நான் சூடா சாப்பிட்டதே இல்லடி" என்று அவள் ஸோர்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். "ஆறின மீன், ஆறின காப்பி, ஆறின மனுஷன்."

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிறு. பேரனுக்கு ஞானஸ்நானம், பத்து மணிக்கு. டாரிங்கா தயாராகிக் காரில் உட்கார்ந்துவிட்டாள். நிக்ஷா கார்க் கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஷூ முடிந்தது. அடுத்ததை எடுக்கிறார்... டப்பி மூடியைத் தேடுகிறார்... அவள் ஹாரன் அடித்தாள். இரண்டு தரம். மூன்று தரம்.

"வாய்யா. குழந்தை கல்லூரிக்கே போயிடும்போல."

"நீ போ. பின்னாடியே வர்றேன்."

அவள் போய்விட்டாள். கோபத்தில் டயர் கிறீச்சிட்டது என்பாள். மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது அதே படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் கதவு நிலையில் சாய்ந்திருந்தது. மடியில் துணி. ஒரு ஷூ பளபளவென்று. ஒன்று மங்கலாக.

எல்லாரிடமும் டாரிங்கா சொன்னது வேறு. தான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை என்றாள். மகனிடம், பாதிரியாரிடம், ஸோர்காவிடம்கூட அதையேதான். அந்த மூன்று ஹாரனையும், அவர் கடைசியாகச் சொன்ன நாலு வார்த்தையையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சவப்பெட்டியில் வைக்கும்போது இரண்டு காரியம் செய்தாள். அந்தக் கப்பல் பயணத்துக்கென்று நிக்ஷா புதுப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். திருமண நாளுக்கு மே மாதம் போவதாக ஜனவரியிலேயே பதிவு செய்திருந்தார்கள். ஒரு முத்திரைகூட விழாத நீலப் புத்தகம். அதைக் கோட்டின் உள்பையில் செருகினாள். இன்னொன்று... மங்கலான ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் அப்படியே மாட்டிவிடச் சொன்னாள். பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்கக் கூடாது என்று தோன்றியிருக்கும்.

பயணத் தேதி நெருங்கியது. கப்பல் நிறுவனத்துக்குப் போன் செய்து, "என் வீட்டுக்காரர் இறந்துட்டார், பேரை எடுத்துடுங்க" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மூன்று தடவை எண்ணை அழுத்தினாள். மூன்று தடவையும் காத்திருப்புப் பாட்டு ஓடியது. வைத்துவிட்டாள்.

"அக்கா, அத்தான் பேரை எடுக்கச் சொன்னியா?"

"சொன்னேன்டி."

"நிஜமா?"

"ஆமாங்கிறேன். போலீஸ்காரி மாதிரி கேக்காதே."

சொல்லவில்லை. கணினியில் விவரம் நிரப்பும் நாளில் வழக்கம்போல இருவருக்கும் சேர்த்தே நிரப்பினாள். விரல் தானாகப் போனது என்கிறாள். இரண்டு அனுமதிச் சீட்டும் ஒரே தாளில் அச்சாகி வந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் ஸோர்காதான் லாங் பீச் துறையில் கொண்டு விட்டாள். கூட வரவில்லை. இவளுக்குக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தாலே வாந்தி வரும், கப்பலில் எங்கே?

உள்ளே நீளமான வரிசை. சன்கிரீம் வாசனை, பிள்ளைகளின் கூச்சல். மேசையில் இருந்த பெண் நிமிரவே இல்லை. தாளை வாங்கிக் கருவியைக் காட்டினாள். பீப். பீப்.

"ரெண்டு பேரா மேடம்? சார் எங்கே?"

அப்போது டாரிங்கா சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியம். ஆனால் வாயில் வந்தது நாற்பத்தோரு வருடப் பழக்கம்.

"பின்னாடியே வர்றார்."

"சரி மேடம். அடுத்தவங்க வாங்க."

பத்தடி போனதும் நின்றாள். திரும்பிப் போய்த் திருத்தலாம். வரிசையில் பின்னால் இருந்த தள்ளுவண்டி இடித்தது. சரி போகட்டும், வராத ஆளைத் தேடவா போகிறார்கள் என்று ஏறிவிட்டாள்.

பத்தடி. இன்றைக்கும் அதைத்தான் சொல்லி அழுகிறாள். இல்லையா, ஸோர்கா?

ஆறாவது தளம். அறை எண் 6218. கதவுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் இரண்டு உறை, இரண்டு அட்டை. கதவு திறக்கவும், கப்பலில் ஏறி இறங்கவும் அதுதான். ஒன்றில் அவள் பெயர். ஒன்றில் அவர் பெயர். அவருடையதை அலமாரி இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மாலை நாலு மணி. கப்பல் கிளம்புமுன் ஒவ்வொருவரும் தங்கள் அவசரக் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். போகாதவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். டாரிங்கா போய்க் காட்டிவிட்டு, மேல்தளத்தில் ஒரு கோப்பை வெள்ளை ஒயினோடு உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தின் பளுதூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் ஒன்று நிக்ஷாவுடையது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"இன்னும் வராதவர்கள். அறை 5106... அறை 6218, நிக்ஷா யுரிசிச்... அறை 7340..."

கோப்பையை மேசையில் வைத்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை. எட்டு நிமிடம் கழித்து மறுபடி வாசித்தார்கள்.

"இன்னும் வராதவர்கள். அறை 5106... அறை 7340..."

6218 இல்லை.

யாரோ போய் அட்டையைக் காட்டியிருக்கிறார்கள்.

அறைக்கு ஓடினாள். இழுப்பறையைத் திறந்தாள். அட்டை அங்கேயேதான் இருந்தது. ஆனால் அவர் பெயர் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி அவள் வைத்திருந்தாள். இப்போது கவிழ்ந்திருந்தது. ஓரத்தில் லேசாக, மிக லேசாகத் தைல வாசனை.

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, கப்பலின் முதல் ராத்திரி யாருக்கும் அப்படித்தான். காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தால், அறைப் பணியாளன் வயான் துண்டுகளோடு நின்றான். பாலித் தீவுக்காரன், வாய் நிறையச் சிரிப்பு.

"குட் மார்னிங் மேடம். சார்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாலிஷ் எங்ககிட்டயே இருக்கு, கேட்டா போதும், நான் போட்டுத் தர்றேன்."

"எந்த சார்?"

"உங்க சார்தான் மேடம். காலையில அஞ்சு மணிக்கு இந்தக் கதவுகிட்ட தரையில உக்காந்திருந்தார். ஒரு ஷூவைக் கையில வச்சு, துணியால தேய்ச்சுக்கிட்டு. நான் தரவான்னு மூணு தரம் கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார். முகத்தைக் காட்டவே இல்ல." கொஞ்சம் தயங்கினான். "கோவமா மேடம்? உள்ள விடலையா?"

"இது வேற அறைக்காரங்களா இருக்கும் வயான். நான் தனியா வந்திருக்கேன்."

"சரி மேடம்" என்றான். ஆனால் அவன் கண் கட்டிலைப் பார்த்தது. அங்கே அவன் முந்தின மாலை துண்டில் மடித்து வைத்த யானைகள். இரண்டு.

இறங்கிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. இறங்கு வாசலில் அட்டையைக் காட்டினாள். டிங். பலகையில் மூன்றடி வைத்தாள். பின்னால் இன்னொரு டிங். அடுத்த ஆளாக இருக்கும். இத்தனை பேர் இறங்குகிறார்களே. அவள் திரும்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று பகல் அவள் நன்றாக இருந்தாள். தெருமுனைக் கடையில் எண்ணெய் சீறச் சீற எடுத்த மீனைச் சோள ரொட்டியில் மடித்துத் தந்த டாக்கோ சாப்பிட்டாள். எலுமிச்சை பிழிந்து, நாக்கு சுடச் சுட. யாருக்கும் காத்திருக்கவில்லை. கடைக்காரி இன்னொன்று வேண்டுமா என்று கேட்டபோது டாரிங்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். சிரித்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்ததாம். பேரனுக்கு ஒரு மர ஆமை வாங்கினாள். கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நேரம் போனது தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தச் சாலை. ஐந்து பத்து. மூடுபனி.

டப்... சர்ர்... க்ளிக்.

நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. எப்போதும் அவர் வருகிற அதே தூரம்தான், ஏழெட்டடி. வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் அவள் திரும்பி, "வாய்யா சீக்கிரம்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போதும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து நடந்தாள். கப்பலின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. கடைசி ஐம்பது அடி ஓடினாள்.

டிங். அவள் ஏறிவிட்டாள். மணி ஐந்து இருபத்தாறு.

வாசலில் காவல் அதிகாரி குருங். நேபாளத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திரையைப் பார்த்தார். பின்னால் சாலையைப் பார்த்தார்.

"மேடம், உங்க அறையில இன்னொருத்தர் வரணுமே."

"நான் மட்டும்தான்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு படம். வெளியே போன நேரம், ஒன்பது இருபத்திரண்டு, டாரிங்கா. ஒன்பது இருபத்திரண்டு, நிக்ஷா. உள்ளே வந்த நேரம் அவளுக்கு மட்டும் இருந்தது.

"அவர் வரமாட்டார்" என்றாள். "மார்ச்சுல இறந்துட்டார்."

எட்டு வாரமாக வராத வாக்கியம், அங்கே, அந்த இரும்பு வாசலில் வந்தேவிட்டது.

குருங் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கரையில சண்டையா மேடம்? வாராவாரம் நடக்கிறதுதான். போன மாசம் ஒரு அம்மா இப்படித்தான், 'என் புருஷன் செத்தான், கப்பலை எடுங்க'ன்னு நின்னாங்க. அவர் பின்னாலயே ரெண்டு கையிலயும் ஐஸ்கிரீமோட வந்து நிக்கிறார்."

"நிஜமாவே இறந்துட்டார்."

"சரி மேடம். மேல கேட்டு பத்து நிமிஷம் வாங்கியிருக்கேன். அதுக்கு மேல நிக்காது."

பத்து நிமிடம். துறை முழுக்க ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் ஒலித்தது. நிக்ஷா யுரிசிச்... நிக்ஷா யுரிசிச்... பனி அதை விழுங்கிக்கொண்டது. யாரும் வரவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஓர் ஆள் கரையில் தங்கிவிட்டால், கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புமுன் அறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது இருந்தால் அவர் தரைவழியாக ஊர் வந்து சேரலாம்.

குருங்கும் இன்னொரு அதிகாரியும் 6218க்கு வந்தார்கள். டாரிங்கா கூடவே நின்றாள். அலமாரியின் அடித்தட்டில் சின்னப் பெட்டகம். அவள் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் பூட்டியிருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. அதிகாரி கருவியைச் செருகினார். க்ளிக்.

தைல வாசனை குப்பென்று அடித்தது. அதற்கு அடியில் ஈர மண் வாசனை.

உள்ளே ஒரே ஒரு நீலப் புத்தகம். ஓரமெல்லாம் ஊறி உப்பியிருந்தது. விளிம்பில் மஞ்சள் களிமண். நம் மலைமேல் கல்லறையில் எந்த மண் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

குருங் கட்டைவிரலால் துடைத்தார். "எங்கயோ சேத்துல விழுந்திருக்கு."

அவர் பக்கத்தைப் புரட்டியபோது டாரிங்கா பார்த்தாள். அவசரத்துக்கு என்று போட்ட பக்கத்தில் அவள் கையெழுத்தில் அவளுடைய போன் எண். ஜனவரியில் அவளே எழுதியது.

"ஏஜென்ட் ஆர்விசு கீழ நிக்கிறார் மேடம். குடுத்துடட்டுமா?"

"குடுக்காட்டி?"

"குடுக்காட்டி எல்லை தாண்ட முடியாது. இங்கயேதான் கிடக்கணும்."

யோசித்துப் பாருங்கள். ஒரு சொல் போதும். வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் கண்முன் வந்தது கார்க் கொட்டகைப் படி. மூன்று ஹாரன். டயர் சத்தம். ஒருதரம் விட்டுவிட்டுப் போனாயிற்று. இரண்டாம் தரமும், வேற்று நாட்டில், கையில் காகிதம்கூட இல்லாமல்...

"குடுத்துடுங்க" என்றாள்.

மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பலகையை இழுத்துவிட்டார்கள். கீழே ஆர்விசு பழுப்பு உறையோடு ஒற்றை ஆளாக நின்றார். கப்பல் அசைந்தது. சாலையின் கோடியில் ஒரு விளக்குக்கம்பத்தடியில் பனி கொஞ்சம் விலகியது. யாரோ வந்துகொண்டிருந்தார். நாலு அடி நடப்பார். குனிந்து முழங்காலில் எதையோ இறுக்குவார். மறுபடி நாலு அடி. கப்பல் நகர்வதைப் பார்த்தும் ஓடவில்லை. கையும் ஆட்டவில்லை. ஓடுகிற மனிதரே இல்லை அவர்.

ஞாயிறு முழுக்கக் கடல். காலையில் கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடந்தது. வரவேற்பு மேசையிலிருந்து. தட்டச்சு செய்த நாலு வரி.

'ஏஜென்ட் ஆர்விசு அனுப்பிய தகவல். சனி இரவு ஏழு நாற்பதுக்குப் பயணி நேரில் வந்து பாஸ்போர்ட்டைப் பெற்றுக் கையெழுத்திட்டார். நலமாக இருக்கிறார். மனைவிக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார்: நீ போ. பின்னாடியே வர்றேன்.'

யாரிடமும் சொல்லாத வார்த்தை. மகனுக்கும் பாதிரியாருக்கும் தெரியாத வார்த்தை.

திங்கட்கிழமை காலை லாங் பீச்சில் இறங்கி, ஸோர்காவின் காரில் ஏறி, கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஹாரனையும் சேர்த்து. அப்படித்தான் இவளுக்குத் தெரியும். இவள் வழியாக எனக்கு.

ஜூன் மாதம் ஒரு போன் வந்தது. ரொஸாரிட்டோ மருந்துக்கடை. "உங்க வீட்டுக்காரர் தைலம் வாங்கினார். பாஸ்போர்ட்டை மேசையிலயே வச்சுட்டுக் கிளம்பினார், கூப்பிட்டுக் குடுத்தோம். இந்த நம்பர் அதுல இருந்துச்சு. பத்திரமா இருக்கார்னு சொல்லத்தான் பண்ணினோம். நீங்க போய்க்கிட்டே இருங்கன்னு சொல்லச் சொன்னார்." ரொஸாரிட்டோ என்செனாடாவுக்கு வடக்கே.

ஆகஸ்டில் ஓஷன்சைடு பேருந்து நிலையத்திலிருந்து. எல்லைக்கு இந்தப் பக்கம்.

ஸோர்கா கெஞ்சினாள். "நம்பரை மாத்துக்கா. என் வீட்டுக்கு வந்துடு."

"மாத்தினா அவருக்கு எப்படிடி தெரியும்?"

ஸோர்கா அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். மேசையில் இரண்டு தட்டு. சாப்பாடு ஆறிப்போய் ஆடை படிந்திருக்கும். டாரிங்கா தொட்டிருக்க மாட்டாள்.

போன வியாழக்கிழமை. போன் வந்தது வெளியூரிலிருந்து இல்லை. இங்கே, பசிபிக் அவென்யூவில் ஷூ தைக்கிற கடை.

"யுரிசிச் வீடா? உங்க வீட்டுக்காரர் பாலிஷ் போடக் குடுத்திருந்தார். தயார். ஒத்தை ஷூ மட்டும்தான் குடுத்தார், இன்னொண்ணு எங்கன்னு கேட்டேன். அது அன்னைக்கே போட்டாச்சுங்கறார்."

டாரிங்கா போய் வாங்கி வந்தாள். இடது கால். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கடைக்காரர் அடிப்பக்கத்தைத் துடைக்க மறந்துவிட்டார். வரியெல்லாம் மஞ்சள் களிமண். அதைக் கார்க் கொட்டகைப் படியில் கொண்டுபோய் வைத்தாள். ஸோர்கா தன் கண்ணால் அங்கே பார்த்தாள். மறுநாள் வெள்ளி காலையில் அந்த ஷூ படியில் இல்லை.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும், யாருக்காகவும், பின்னால் வருகிறார் என்று வாயைத் திறக்காதீர்கள்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, பெப்பா.

டாரிங்காவையும் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தோம். ஏழு மணிக்குப் போன் செய்தாள். குரல் நன்றாக இருந்தது. ஒரு வருடமாகக் கேட்காத குரல்.

"எங்க இருக்க டாரிங்கா? சூப் ஆறுது."

"ஆறட்டும். நீங்க ஆரம்பிங்க. கிளம்பிட்டோம். ரெண்டு நாற்காலி மட்டும் போட்டு வைங்க. அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

அவள் வீடு இங்கிருந்து நாலு தெரு. இப்போது மணி ஒன்பதாகப் போகிறது. அந்த முழங்காலோடு நடந்தால் அவ்வளவு நேரம் ஆகும்தான்.

மிலேன், கதவைச் சாத்து. தாழ்ப்பாள் போடாதே... டாரிங்கா நம் ஆள்தானே.